ஏரிக்கு அரசுப் பணம் வரும். ஊர்ப் பங்கு தயாரா?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பை தாண்டி ஒரகடம் வரை ஒருமுறை நிதானமாகப் போய்ப் பாருங்கள். கார், லாரி, மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்கள். மதில் முடியும் இடத்தில் ஏதோ ஓர் ஏரிக்கரை தெரியும். கரைக்குக் கீழே கொஞ்சம் நெல், கொஞ்சம் தரிசு, கொஞ்சம் மனைக்கல். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இதே காட்சிதான்.

இந்த ஊர்களில் இன்றும் பயிர் வைப்பவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. ஆயக்கட்டில் பாதி நிலம் கைமாறிவிட்டது, பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள், இனி ஏரியை யார் பார்ப்பது? "அரசாங்கம் பணம் ஒதுக்கினால் செய்யலாம்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

பணம் ஒதுக்கப்படாமல் இல்லை. ஆனால் அது கேட்டவுடன் வருவதில்லை. கிராம சபைத் தீர்மானம், முறையான எஸ்டிமேட், ஊர் போடும் பங்குத் தொகை ஆகிய மூன்றையும் கையில் வைத்திருக்கும் ஊருக்கே முதலில் போகிறது. இந்த மூன்றையும் உங்கள் ஊர் எப்படித் தயார் செய்யலாம் என்று பார்ப்போம்.

மணிமங்கலத்தில் தொடங்கியது

தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் வழியில் உள்ளது மணிமங்கலம். பல்லவர் சாளுக்கியரை வென்ற போர்க்களம் என்று வரலாற்றில் பெயர் பெற்ற ஊர். 2017 மார்ச் 13 அன்று தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது இந்த ஊரில்தான். முதல் கட்டமாக ரூ.100 கோடியில் 30 மாவட்டங்களில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. 2019-20இல் இது ரூ.499.68 கோடியில் 1,829 பணிகளாக வளர்ந்தது.

அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மதிப்பீட்டில் 10 சதவீதத்தை ஆயக்கட்டு விவசாயிகள் தர வேண்டும். பணமாகத் தரலாம், பொருளாகத் தரலாம், உடலுழைப்பாகவும் தரலாம். தொகை சிறியதுதான். ஆனால் ஊர் தன் பங்கைப் போட்டால் வேலையைக் கண்காணிக்கும், முடிந்த பிறகும் காப்பாற்றும் என்பதே அதன் நோக்கம்.

நடைமுறையில் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. சங்கம் பெயரளவில் இருந்தது, 10 சதவீதத்தை வேறு யாரோ கட்டினார்கள், வேலையை ஒப்பந்தக்காரரே செய்தார் என்ற புகார்கள் பல ஊர்களில் எழுந்தன. விவசாயி பங்கு போடாத இடத்தில் விவசாயிக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் போய்விடுகிறது. மணிமங்கலத்தில் தொடங்கிய திட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

திட்டத்தின் பெயர் மாறும், பங்கு மாறாது

1997-98இல் 'நமக்கு நாமே' திட்டம் வந்தது. 2011-12இல் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறியது. 2017இல் குடிமராமத்து. 2021-22இல் மீண்டும் நமக்கு நாமே. ஆட்சி மாறும்போது பெயர்ப் பலகை மாறுகிறது. ஆனால் எல்லாத் திட்டத்திலும் ஒன்று மாறவில்லை: மக்கள் ஒரு பங்கு போட வேண்டும், மீதியை அரசு தரும்.

ஊரகப் பகுதிக்கான நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டுத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பு. தனிநபர், குழு, நிறுவனம் என யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம். நீர்நிலை சீரமைப்பு, பள்ளிக் கட்டடம், நூலகம் போன்ற பொதுப் பணிகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். திட்டம் மாவட்ட ஆட்சியர், ஊரக வளர்ச்சி முகமை வழியாக நடக்கிறது. விண்ணப்பிக்கும் முன் நடப்பு ஆண்டுக்கான வழிகாட்டு நெறிமுறையை உங்கள் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வாங்கிப் படித்துவிடுங்கள்.

பங்கு கேட்பது நம் ஊரில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. அமெரிக்காவில் 20,000 பேருக்கு உட்பட்ட ஊர்களுக்கு அந்நாட்டு வேளாண் துறை சமுதாய வசதிகளுக்காக மானியம் தருகிறது. மிகச் சிறிய, வருமானம் மிகக் குறைந்த ஊருக்கும் அந்த மானியம் செலவில் 75 சதவீதம் வரைதான். மீதியை அந்த ஊர்தான் தேட வேண்டும்.

ஏரி யார் கையில் இருக்கிறது?

விண்ணப்பம் எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் கீழ் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. ஒன்றிய ஏரிகளும் குளம், குட்டைகளும் தனி.

பல மனுக்கள் மாதக்கணக்கில் அலைவதற்குக் காரணம், ஒரு துறையின் ஏரிக்கு இன்னொரு துறையிடம் மனு கொடுப்பதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் ஏரியின் புல எண்ணையும் பரப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள். புல வரைபட நகலும் வாங்குங்கள். ஒன்றிய ஏரி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். நீர்வளத் துறை ஏரி என்றால் அத்துறையின் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் கரையில் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்க முடியாது.

ஆக்கிரமிப்பு இருந்தால் முதலில் அளவைக்கு மனு கொடுங்கள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எல்லைக் கல் நடாத ஏரியில் போடும் பணம் யாருடைய வேலிக்குள் போகும் என்று சொல்ல முடியாது.

எஸ்டிமேட்டில் எது முதலில்?

ஏரி என்றாலே தூர் வாருவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் தொழிற்சாலைப் பகுதியில் பெரும்பாலும் அது கடைசி வேலை. கரையில் நடந்து, கீழே சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் வரத்துக் கால்வாய். சாலை அகலப்படுத்தியபோதும், மதில் எழுப்பியபோதும், மனை போட்டபோதும் இது துண்டிக்கப்பட்டிருக்கலாம். குழாய்ப் பாலம் அடைத்திருக்கலாம். நீர் வரும் வழி இல்லாத ஏரியை ஆழப்படுத்திப் பயனில்லை.

இரண்டாவது கலங்கலும் போக்குக் கால்வாயும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். மேலே உள்ள ஏரிகளின் உபரிநீர் போகும் வழி குறுகினால் கீழே உள்ள ஊர் தாங்காது.

மூன்றாவது மதகு. ஷட்டர் துருப்பிடித்து ஒழுகினால், தை மாதம் நவரைக்கு இருக்க வேண்டிய நீர் மார்கழியிலேயே போய்விடும். மதகுப் பழுதுக்குச் செலவு குறைவு, பலன் உடனே கிடைக்கும்.

நான்காவது கழிவுநீர். வாடகை வீடுகளும் தொழிலாளர் விடுதிகளும் பெருகிய ஊர்களில் தெருச் சாக்கடை ஏரியில் விழுகிறது. அதைத் திருப்பாமல் தூர் வாரினால் சாக்கடைக்குப் பெரிய தொட்டி கட்டிக் கொடுத்தது போலாகும். 15வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டப்பட்டிருந்தது. உங்கள் ஊராட்சியில் அது எதற்குச் செலவானது என்று கிராம சபையில் கேளுங்கள். தொழிற்சாலைக் கழிவு கலப்பதாகத் தெரிந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கரை பலப்படுத்தலும் தூர் வாருதலும்.

இந்தப் பட்டியலை நீங்களே ஒரு தாளில் எழுதி, பொறியாளரைக் கரைக்கு அழைத்துவந்து காட்டுங்கள். எந்த மதகு ஒழுகுகிறது, எந்த இடத்தில் கரை உள்வாங்குகிறது என்பது அவரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

கிராம சபையில் செய்ய வேண்டியது

ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலக தண்ணீர் தினம்.

கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைவெண் வரம்பு நிறைய வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். தொழிற்பேட்டை ஊராட்சிகளில் மக்கள் தொகை கூடிவிட்டது. ஆனால் கூட்டத்துக்கு வருபவர்கள் பழைய ஊர்க்காரர்கள் மட்டுமே. அந்த ஊரில் வாக்காளராக உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள்தான். கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் புதிதாகக் குடிவந்து பெயர் சேர்த்தவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் ஊறுவது ஏரி நீர்தான்.

தீர்மானத்தில் 'ஏரியைச் சீரமைக்க வேண்டும்' என்று ஒரு வரியில் எழுதினால் போதாது. ஏரியின் பெயர், புல எண், செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக, ஊர் பங்குத் தொகை திரட்டும் என்ற உறுதி, பங்கு திரட்டிக் கணக்கு வைக்கும் குழுவினர் பெயர் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மான நகலைக் கையொப்பத்துடன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பகுதி பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாறியிருந்தால் கிராம சபை இருக்காது. குன்றத்தூரும் மாங்காடும் 2021இல் நகராட்சிகளாகின. அங்கே நகர்ப்புறத்துக்கான விதிகள் தனி. ஆணையர் அல்லது செயல் அலுவலரிடம் கேட்க வேண்டும். ஊர் நகராட்சியில் சேரப் போகிறது என்று பேச்சு வந்தால், நிலுவையில் உள்ள தீர்மானங்களை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

பங்குத் தொகையை எப்படித் திரட்டுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 ஏக்கர் ஆயக்கட்டு உள்ள ஒன்றிய ஏரி. மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் வேலைக்கு எஸ்டிமேட் ரூ.12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு ரூ.4 லட்சம். அரசு தருவது ரூ.8 லட்சம்.

ஏக்கருக்கு ரூ.1,000 என்றால் ஆயக்கட்டிலிருந்து ரூ.60,000. ஊரில் 200 குடும்பங்கள் தலா ரூ.200 தந்தால் ரூ.40,000. மீதி ரூ.3 லட்சம். மற்ற மாவட்டத்து ஊருக்கு இந்த மூன்று லட்சம்தான் மலை. ஒரகடம் பக்கத்து ஊருக்கு அதைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது.

கம்பெனிகள் சட்டம் 2013இன் 135வது பிரிவுப்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி, அல்லது விற்றுமுதல் ரூ.1,000 கோடி, அல்லது நிகர லாபம் ரூ.5 கோடி உள்ள நிறுவனம், கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. நிறுவனம் இயங்கும் உள்ளூர்ப் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஊரக வளர்ச்சி, இயற்கை வளப் பாதுகாப்பு இரண்டும் அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் உள்ளன. எனவே ஏரிக்காகக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேட்கும் முறைதான் முக்கியம். திருவிழாவுக்கு நன்கொடை கேட்பது போல் வாசலில் நின்று கேட்டால் காவலாளியோடு பேச்சு முடிந்துவிடும். சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் அலுவலருக்கு, தீர்மான நகல், எஸ்டிமேட் நகல், ஊர் ஏற்கெனவே திரட்டிய ரூ.1 லட்சத்துக்கான கணக்கு ஆகியவற்றுடன் கடிதம் அனுப்புங்கள். நிறுவனங்களின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஆண்டுத் திட்டம் போடும் அந்த மாதங்களில் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

நிறுவனத்தின் பணம் ஊர்ப் பெரியவர் ஒருவர் கணக்குக்கு வரக் கூடாது. திட்டத்துக்கான பங்களிப்பாக மாவட்ட நிர்வாகத்திடம் நேரே செலுத்தச் சொல்லுங்கள். யார் பெயரில், எந்த வடிவில் செலுத்துவது என்பதை வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு நிறுவனத்துக்குக் கொடுங்கள். இதனால் ஊரில் வீண் பேச்சும் இருக்காது.

பங்களிப்பு மதிப்பீட்டில் பாதியாகவோ அதற்கு மேலோ இருந்தால், பங்களித்தவர்களே வேலையைச் செய்யவும் இத்திட்டத்தில் வழி உண்டு. பாதிக்குக் குறைந்தால் டெண்டர் முறைதான்.

"கம்பெனியே நாலு லட்சமும் தரும்போது நாம் ஏன் ஏக்கருக்கு ஆயிரம் தர வேண்டும்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் கான்கிரீட் போடும் நாளில் கரையில் நிற்பார். கொடுக்காதவர் கடந்து போவார். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தந்த நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. தொழிற்சாலை வரும், போகும். அதன் பணம் ஒருமுறை வேலைக்கு உதவும். ஆண்டுதோறும் மதகுக்கு எண்ணெய் போட அதை நம்ப முடியாது.

வண்டல் உங்களுக்கு இலவசம்

விவசாயிகள் ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அரசு அனுமதிக்கிறது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. ஊர் சேர்ந்து விண்ணப்பித்தால் தூர் வாரும் செலவில் ஒரு பகுதி மிச்சமாகும், வயலுக்கு வளமும் சேரும். கரையை ஒட்டித் தோண்டக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலந்த ஏரியின் வண்டலை அப்படியே வயலில் கொட்டாதீர்கள். மாதிரி எடுத்து, வேளாண் அலுவலரைக் கேட்டுப் பரிசோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

வேலை முடிந்த பிறகு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் கல்வெட்டுகளை நாம் பெருமையாகப் பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், அங்கே குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கல்வெட்டில் நமக்கு இன்று அதிகம் பயன்படுவது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி போட்டியிட முடியாது.

உங்கள் குழுவுக்கும் அதே விதியை வையுங்கள். வரவு செலவை அடுத்த கிராம சபையில் வாசியுங்கள். எஸ்டிமேட் தொகை, அரசு பங்கு, மக்கள் பங்கு, ஒப்பந்தக்காரர் பெயர் ஆகியவற்றை வேலை நடக்கும் இடத்தில் பலகையில் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட் நகலோ அளவைப் புத்தக நகலோ தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பராமரிப்புக்கும் வழி இருக்கிறது. இந்த வழித்தடத்து ஊராட்சிகளுக்கு வீட்டு வரியோடு தொழில் வரியும் வருகிறது. உங்கள் ஊராட்சியில் அரையாண்டுக்கு எவ்வளவு வசூலானது என்று கேளுங்கள். அதில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் வரத்துக் கால்வாய் சுத்தம் செய்யவும் மதகுப் பராமரிப்புக்கும் ஒதுக்கும்படி தீர்மானம் போடுங்கள்.

எந்த மாதம் என்ன வேலை?

ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்றால் கணக்கைப் பின்னோக்கிப் போட வேண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை மண் வேலைக்கும் கட்டு வேலைக்கும் உகந்த காலம். சொர்ணவாரிக்கு ஏரி நீரை நம்பும் ஊராக இருந்தால் எந்த மதகை எப்போது மூடுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பங்குத் தொகையும் நிறுவனக் கடிதமும். பிப்ரவரி, மார்ச்சில் எஸ்டிமேட். ஜனவரி 26இல் தீர்மானம். அதற்கு முன்பு, மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும்போதே கரையைச் சுற்றி வந்து ஒழுகும் இடங்களைக் குறித்துவிடுங்கள். கோடையில் போனால் ஒழுகல் தெரியாது.

முதல் ஆண்டே அனுமதி கிடைக்காமல் போகலாம். தீர்மானத்தையும் எஸ்டிமேட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எஸ்டிமேட்டில் விலை விகிதத்தை மட்டும் புதுப்பித்தால் அடுத்த ஆண்டுக்கும் பயன்படும். திட்டத்தின் பெயர் மாறி வந்தாலும் கேட்கப் போவது இதே காகிதங்களைத்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆயக்கட்டுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து கரையில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள். கையில் ஒரு நோட்டும் பேனாவும் போதும்.